எந்தப் பேனையால் எழுதியது?

ஒரு பெண்ணின் கடிதத்தை நான் அழித்தேன். அழித்த பிறகு, அவர் என்னிடம் தந்தது வெறுந்தாள் என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் நம்பினார். முதலாவது தவறு, இரண்டாவது குற்றம். இரண்டுக்கும் இடையில் எனக்கு அரை நிமிடம் இருந்தது.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் நான் எழுத வந்தது இதுவல்ல. கடையின் இப்போதைய முதலாளி, எங்கள் பழைய முதலாளியம்மா பதரோனாவின் மகள், போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "முப்பது வருடம் அந்த ஜப்பான் கம்பனியின் பேனையும் பென்சிலும் விற்றவர் நீங்கள். கடையில் பாதித் தட்டு அவர்களுடைய சாமான். புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதன் வரலாற்றை அவர்களுடைய மொழியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார். சம்மதித்தேன். பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த கையேடுகள் நிறைந்த பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வரி எழுதுவேன், எழும்பி ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து அந்த வரியை வெட்டுவேன்.

வரலாற்றையும் தருகிறேன், கேட்டது அதுதானே.

கம்பனியைத் தொடங்கியவர் பேனைக்காரர் அல்ல. கப்பல் இயந்திரம் படிப்பித்த ஓர் ஆசிரியர். மாணவர்கள் கப்பலின் படம் கீறும்போது கோடு போடும் பேனையில் மை அடைத்துக்கொள்ளும், நிறுத்தித் துடைக்க வேண்டும், துடைத்த கையோடு கோடு பிசகும். இந்த எரிச்சல் பொறுக்காமல்தான் அவர் ஒரு பேனையைச் செய்து பார்த்தார். அடுத்ததாக எழுதும் பேனைக்கு முள் செய்தார். பேனையின் கறுப்பு உடல் நாட்பட வெளிறிப்போனது. அதற்கு மரப்பால் அரக்குப் பூசினார்கள். அரக்குப் பூசினால் மினுங்கியது. மினுங்கியதன் மேல் ஓவியர்களை அழைத்துப் பொற்பொடியால் படம் வரையச் செய்தார்கள். இன்று நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் விலை கூடிய பேனைகள் வெளிறலை மறைக்கப் போய்ப் பிறந்தவை. இதை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள், விரும்பிக் கேட்பார்கள்.

அதன் பிறகு வந்தது அழியும் மை. ஆராய்ச்சியாளர் ஒருவர் மலையில் மேப்பிள் இலைகள் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுவதைப் பார்த்து, இதை ஒரு குழாய்க்குள் செய்ய முடியாதா என்று யோசித்தாராம். சூட்டில் நிறம் மாறும் மை கிடைத்தது. பல காலம் அதை விளையாட்டுச் சாமான்களுக்கும் கோப்பைகளுக்கும்தான் பூசினார்கள். ஐரோப்பாவில் அவர்களுடைய பேனையை விற்ற ஒருவர், "நிறம் மாறுவதற்குப் பதிலாக நிறமே போய்விட்டால் என்ன?" என்று கேட்டார். அப்படித்தான் அந்தப் பேனை வந்தது. பின்பக்கத்து ரப்பரால் தேய்த்தால் தாள் சூடாகும், சூட்டில் மை நிறமிழக்கும். மை எங்கும் போவதில்லை. தாளிலேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

யாழ்ப்பாணத்தில் நான் இரசாயனம் படிப்பித்தவன். இங்கே பலேர்மோவில், பல்லாரோச் சந்தைக்கு வரும் எங்கள் சனம் இன்றும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஆகவே இந்த மை பற்றி எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

தெரிந்திருந்தது. பேனை முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி மிலானோவிலிருந்து வந்தார். ஒரு தாளில் தன் பெயரை எழுதி, கீழே லைட்டரைப் பிடித்தார். பெயர் போய்விட்டது. நாங்கள் கைதட்டினோம். அவர் சிரிக்கவில்லை. "கையொப்பத்துக்கு விற்காதீர்கள். பத்திரங்களுக்கு விற்காதீர்கள். எதற்கு என்று கேட்டுவிட்டு விற்குங்கள்" என்றார். பெட்டியிலும் அது சின்ன எழுத்தில் இருக்கிறது. இன்று மாலை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கோடையிலேயே அடி விழுந்தது. மொண்டெல்லோக் கடற்கரையில் குடையும் கதிரையும் வாடகைக்கு விடும் ஒருவர், தன் முன்பதிவுக் கொப்பியோடு கடைக்குள் வந்தார். அந்தப் பேனையால் எழுதிய கொப்பியை வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே, வெயிலில் விட்டிருந்தார். அந்தப் பருவத்தின் பெயர்கள் எல்லாம் போய், பக்கம் பக்கமாக வெள்ளை. அவருடைய சத்தம் சந்தைவரை கேட்டது. பேனையை விற்றது யார் என்று பதரோனா எங்களைக் கேட்கவில்லை. கவுண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்று, "பிழை எங்களுடையது, நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதனால் கத்த முடியவில்லை. அடுத்த இரண்டு நாள் காலையிலும் பதரோனா மொண்டெல்லோவுக்குப் போய், அவருடைய குடைக்குக் கீழே இருந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துப் புதிய கொப்பி எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னார்: "இனிமேல் சொல்லாமல் விற்பவர் வீட்டுக்குப் போகலாம்."

ஒரு நல்ல ஆள் எப்படி நடந்துகொள்வார் என்பதைக் கண்ணால் கண்டேன். நான் எடுத்துக்கொண்டது அவருடைய கடைசி வாக்கியத்தை மட்டும்.

புஷ்பராணி மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவை அவருடைய வீட்டிலேயே தங்கி எட்டு வருடம் பார்த்துக்கொண்டவர். ஒருநாள் வந்து கேட்டார்:

"மாஸ்டர், அழிச்சு எழுதுற மாதிரி ஒரு பேனை இருக்கோ? சிஞ்ஞோரா ஏதோ எழுத வேணுமாம். கை நடுங்குது. பிழைச்சுப் பிழைச்சுத் தாளைக் கிழிச்சுப்போட்டு அழுறா."

"பென்சில் தரட்டே?"

"பென்சில் எண்டால் ஆரும் மதிக்கமாட்டினமாம். பேனைதான் வேணுமாம்."

எடுத்துக் கொடுத்தேன். ரப்பரை எப்படித் தேய்ப்பது என்று காட்டினேன். என்ன எழுதப் போகிறார் என்று கேட்கவில்லை. படப்பிரதி எடுக்க வரிசையில் ஆட்கள் நின்றார்கள். பென்சிலை யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற அந்தச் சொல்லில் எல்லாம் இருந்தது. காதில் விழுந்தும் நான் அதைக் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் அந்த சிஞ்ஞோரா இறந்துபோனார். செபப்புத்தகத்துக்குள் வைத்த ஒரு கடித உறையோடு புஷ்பராணி மறுபடி வந்தார்.

"மாஸ்டர், இதை லமினேட் பண்ணித் தாங்கோ. திங்கக்கிழமை மொண்டெல்லோவிலை ஒரு வீட்டுக்குப் போறன். நல்ல சனமாம். முந்தி வேலை செய்த வீட்டுக் கடிதம் இல்லாமல் எடுக்கமாட்டினமாம். சிஞ்ஞோரா எனக்கு எழுதித் தந்திட்டுத்தான் போனவா."

எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரமோ, பாடசாலைச் சான்றிதழோ, பெறுமதியான தாள் ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலை அதற்குப் பிளாஸ்டிக் போடுவது. குண்டுக்கும் மழைக்கும் தப்பி வந்த பழக்கம் அது. இத்தாலியர் கோப்பில் வைப்பார்கள். நாங்கள் லமினேட் பண்ணுவோம்.

உறைக்குள் ஒரே கடிதத்தாள் கட்டின் தாள்கள் நான்கைந்து இருந்தன. மேலே இருந்தது எழுதிய தாள், மற்றவை வெறுமை. முதல் வரியைப் பார்த்தேன். நடுங்கிய பெரிய எழுத்து. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சூடேறியிருந்த இயந்திரத்துக்குள் விட்டேன்.

மறுபக்கத்தால் அது வெள்ளையாக வந்தது.

அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: பேனை, லைட்டர், கடற்கரைக்காரரின் கொப்பி. பதரோனா கடையின் மறுமுனையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என் வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க மூன்று கிழமையில் பொலிஸின் குவெஸ்தூராவுக்குப் போக வேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. பயம் என்ன சொல்லிக் கொடுத்தது என்பதைச் சொல்கிறேன்.

"தங்கச்சி, நீங்கள் வெறுந்தாளைத் தந்திட்டியள்" என்றேன்.

"இல்லை மாஸ்டர், நான் மேலைதானே வைச்சனான்."

"பாருங்கோ, வெள்ளைத் தாள்தானே வந்திருக்கு."

உறையைக் கவுண்டரில் கொட்டினார். எல்லாம் வெறுந்தாள்கள். செபப்புத்தகத்தை ஒற்றை ஒற்றையாகப் பிரட்டினார்.

"உள்ளை வைக்கேக்கை எழுத்து இருந்ததை நீங்கள் பாக்கேல்லையோ?"

"நான் பாக்கேல்லை."

பின்னால் நின்றவர் செருமினார். புஷ்பராணி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டார். போகும்போது சொன்னார்: "வீட்டிலைதான் மாறி வைச்சிட்டன் போலை. மன்னிச்சுக் கொள்ளுங்கோ மாஸ்டர், உங்களுக்கு வீண் வேலை தந்திட்டன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்தத் தாளைக் குப்பைக்குள் போடக் கை வரவில்லை. கம்பனியின் கையேடுகளுக்குள் செருகினேன்.

பிறகு நடந்ததை என் மனைவி கோயிலடியில் கேட்டு வந்து சொன்னார். புஷ்பராணி தன் அறையைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார். இறந்துபோன சிஞ்ஞோராவின் வீட்டிலும் தேட விடும்படி மகனைக் கேட்டிருக்கிறார். "அம்மாவால் கரண்டியே பிடிக்க முடியவில்லை. கடிதம் எழுதினாராம், கடிதம்!" என்று அவன் கதவைச் சாத்தியிருக்கிறான். அதோடு விடவில்லை. இல்லாத கடிதத்தைச் சொல்லி வேலை தேடுகிறவள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். மொண்டெல்லோ வீடு போனது. அதன் பின்னால் மற்ற வீடுகளும் போயின. அவர் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பல்களின் படுக்கையறைகளைத் துப்புரவாக்கும் வேலைக்குப் போனார்.

நான் பெர்மெசோவைப் புதுப்பித்தேன். பன்னிரண்டு வருடம் போனது. ஓய்வு பெற்றேன்.

போன மாதம் பெட்டியைத் திறந்தேன் என்றேனே, அதற்குள் அந்தத் தாளும் இருந்தது. நான் எதிர்பார்த்தது அதைத்தான். எதிர்பாராதது வேறு. அழியும் மையின் கதையைச் சரியாக எழுத வேண்டுமே என்று அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். அதில் இரண்டு வரி: தவறுதலாகச் சூடுபட்டு எழுத்து அழிந்தால், கடுங்குளிரில் வைத்தால் எழுத்து திரும்பி வரும்.

இரசாயனத்தில் இதற்குப் பெயர் மீளும் தாக்கம். இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டுக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அன்று கவுண்டரில் நின்று "பதரோனா, ஒரு பிழை நடந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால், அவர் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்திருப்பார். அவர்கள் இதைச் சொல்லியிருப்பார்கள். இரண்டு சந்து தள்ளி மீன்காரரின் குளிர்ப்பெட்டி இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் மறைத்தது திருத்தக்கூடிய ஒரு பிழையை. இதை எழுதிவிட்டு மறுபடி எழும்பி நடந்துவிட்டு வந்தேன்.

தாளை எங்கள் வீட்டு ஃப்ரீசருக்குள், முருங்கையிலைப் பைக்கும் இறாலுக்கும் நடுவில் வைத்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. துறைமுகம்வரை நடந்தேன். கப்பலைப் பார்த்தேன். அவர் உள்ளே இருப்பாரோ என்று நினைத்ததும் திரும்பி நடந்தேன். பல்லாரோவில் வெங்காயம் வாங்கினேன், காசைக் கொடுத்துவிட்டு வெங்காயத்தை விட்டுவிட்டு வந்தேன். பின்னேரம் ஃப்ரீசரைத் திறந்தேன்.

எழுத்து வந்திருந்தது. வெளிறிய நீலம், ஆனால் வாசிக்கலாம். எட்டு வருடம் இந்தப் பெண் என் வீட்டில் இருந்தார், என் சாவிகள் எல்லாம் அவரிடம் இருந்தன, நான் இரவில் பயமில்லாமல் தூங்கியது அவர் வந்த பிறகுதான், அவரை உங்கள் வீட்டுக்குள் எடுங்கள். இவ்வளவுதான். கீழே கையொப்பம்.

ஒரு இடம் மட்டும் வாசிக்க முடியாத சிக்கலாக இருந்தது. புஷ்பராணியின் பெயர் வரவேண்டிய இடம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. குளிருக்கு சிஞ்ஞோரா எதை எழுதினார், எதை அழித்தார் என்ற வித்தியாசம் தெரியாது. தேய்த்து அழித்தவையும் சேர்ந்தே திரும்பியிருந்தன.

மறுநாள் மதியம் துறைமுக வாசலில் நின்றேன். வேலை முடிந்து வந்தவர்களில் அவரை அடையாளம் கண்டேன். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது.

"என்ன மாஸ்டர், இஞ்சை? ஆரையும் ஏத்த வந்தனீங்களோ?"

நின்ற இடத்திலேயே சொன்னேன். பேனையை விற்றதிலிருந்து, எழுத்தைப் பார்த்தது, பார்க்கவில்லை என்றது, தாளை ஒளித்தது எல்லாம். முடித்த பிறகு அவர் கேட்டார்:

"முதல் வரியைக் கண்டனீங்கள் என்ன?"

"ஓம்."

"நான் எனக்கு விசர் எண்டு நினைச்சனான். தெரியுமோ? அவன் சொல்லேக்கை, சிலவேளை சிஞ்ஞோரா எழுதவே இல்லையோ, நான்தான் கனவு கண்டனோ எண்டு யோசிச்சனான். பன்னிரண்டு வருசம். நீங்கள் பிள்ளையளுக்குப் படிப்பிச்ச மனுசன்!"

தாளை நீட்டினேன். வாங்கவில்லை. பிறகு பறிப்பது போல வாங்கினார். வாசித்துக்கொண்டு வந்தவர் அந்தச் சிக்கலில் நின்றார்.

"இதென்ன கிறுக்கல்?"

"உங்கடை பேர். நாலு தரம் எழுதியிருக்கிறா."

காட்டினேன். எல்லாவற்றுக்கும் அடியில் 'ரோசா'. அந்த வீட்டில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் பெயர்கள் வாய்க்கு வராத வீடுகளில் நாங்கள் எல்லோரும் ரோசாவும் மரியாவும்தானே. அதை அழித்துவிட்டு 'பூஸ்பா' என்று எழுதியிருந்தார். அதையும் அழித்து, இத்தாலியர் அந்த ஒலியை எழுதும் முறையில் 'பூஷிபரானி'. அதன் மேல், கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்க, சரியான பெயர்.

புஷ்பராணி நெடுநேரம் பார்த்தார். "அண்டைக்கு என்ரை பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னவா" என்றார். "மறதி வந்திட்டுது எண்டு நினைச்சு நான் சிரிச்சனான்."

பிறகு என்னைப் பார்த்தார். "வாங்கோ. அவனிட்டைப் போவம். நீங்கள் வந்து சொல்லுங்கோ."

அடுத்த நாள் போனோம். மகனுக்கும் இப்போது தலை நரைத்திருந்தது. வாசலில் நின்றபடியே இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன், என் பொய்யையும் கடையின் பெயரையும் சேர்த்து. அவன் தாளை வாங்கி வாசித்தான். தாயின் எழுத்து அவனுக்குத் தெரிந்தது. தாளைப் பார்த்தபடியே, "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றான்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் புஷ்பராணி, நல்ல பலேர்மோ இத்தாலியனில்.

அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான். கடிதத்தைத் தான் வைத்துக்கொள்ளலாமா, அம்மாவின் கையெழுத்தில் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று கேட்டான். அவர் இல்லை என்றார். படியிறங்கும்போது என்னிடம், "பாவம், ஒரு படப்பிரதி எடுத்து அனுப்பிவிடுங்கோ. ஆனால் உங்கடை கடையிலை வேண்டாம்" என்றார்.

வேறு கடையில் எடுத்து அனுப்பினேன். பழைய பதரோனாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் இப்போது கட்டிலை விட்டு எழும்புவதில்லை. "அன்றைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கமாட்டேன்" என்றார்.

புஷ்பராணிக்கு அந்தக் கடிதத்தால் இனி வேலை இல்லை. தோள் நோவோடு வீட்டு வேலைக்குத் திரும்ப அவர் விரும்பவுமில்லை. கடிதத்தைத் தன் ஃப்ரீசருக்குள் வைத்திருக்கிறார் என்று மனைவி சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியோடு கதைப்பார். என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை.

போன கிழமை வெக்கையில் எங்கள் அல்பெர்கேரியாப் பகுதி முழுக்க மின்சாரம் நின்றது உங்களுக்குத் தெரியும், கடையையும் பூட்டியிருந்தீர்கள். மதியம் பன்னிரண்டு மணியளவில் என் தொலைபேசி அடித்தது. அவருடைய குரல்.

"கரண்ட் போட்டுது. ஃப்ரீசர் உருகுது. எழுத்துப் போயிடுமோ?"

"போகாது தங்கச்சி. ஒருக்கால் வந்த எழுத்து சும்மா வெக்கைக்குப் போகாது. அடுப்புக்குக் கிட்ட வைக்காட்டிச் சரி. வெயில் படாமல் வைச்சால் காணும்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

"நீங்கள் சொன்னால் நான் எப்பிடி நம்புறது?"

இணைப்பு நின்றது. நான் சொன்னது முழு உண்மை. வெயிலில் இறங்கிப் பல்லாரோவுக்குப் போனேன். மீன்காரரிடம் மீன் வைக்கும் ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சந்துகளுக்குள்ளால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவருடைய வீடு நான்காம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவர் என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

"மெய்யைச் சொல்லுங்கோ. ஐஸ் தேவையோ?"

"தேவையில்லை."

"பிறகென்னத்துக்கு இவ்வளவு படியேறிக் கொண்டு வந்தனீங்கள்?"

"நான் சொன்னால் நம்பமாட்டியள்தானே."

பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, உள்ளே வாருங்கள் என்று சொல்லவுமில்லை. படியில் நின்றேன். உள்ளே ஐஸ் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.

சிறிது நேரத்தில் வெறும் பெட்டியோடு வந்தார். ஈரம் சொட்டியது.

"மீன் மணம். கழுவித்தான் இருக்கு" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.